பீச்–மாம்பழ கிரீன் டீ: இரண்டு மழைக்காலம் குடித்த பிறகு

பால்சாயாவை விட்டுவிட்டு இதற்கு மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நாகர்கோவிலில் இருந்துகொண்டு காலையிலும் சாயங்காலமும் சாயா இல்லாமல் முடியாது. ஆனால் பதினொன்றரை மணி வாக்கில் இன்னொன்று கேட்கும் பாருங்கள், அந்த நேரத்துச் சீனியையும் பாலையும் குறைக்கத்தான் இந்தப் பழவாசனை கிரீன் டீயை வாங்க ஆரம்பித்தேன். அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

டீ பேக் அல்ல, இலையாக வருவது. சுருண்ட பச்சை இலைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னத் துண்டுகள், கொஞ்சம் மஞ்சள் இதழ்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் அந்தத் துண்டுகள் காய்ந்த ஆப்பிள்! பீச்சும் மாம்பழமும் வாசனைப் பொருளாக மட்டும்தான் இருக்கின்றன. ஏமாற்று என்று சொல்ல முடியாது, எழுதித்தான் விற்கிறார்கள். பழவாசனைத் தேயிலைகள் பலவற்றில் இதே ஆப்பிள்தான் இருக்கும்.

பாக்கெட்டைத் திறந்ததும் வாசனை ஆளைத் தூக்கும். ஆனால் செங்கவருக்கை மாம்பழம் தின்று வளர்ந்த மூக்குக்கு அது மாம்பழ மிட்டாய் வாசனைதான். பீச்சைப் பற்றி எனக்குக் குறை கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க நம்மூரில் பீச் மரமா நிற்கிறது?

சுவைக்கு வருவோம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொண்டு இறங்கி, பழவாசனையை அமுக்கிவிடும். கிரீன் டீக்கு 80 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு போதும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். கொதித்த தண்ணீரை டம்ளருக்கு டம்ளர் இரண்டு தடவை மாற்றி ஆற்றிவிட்டு இலையில் ஊற்றுங்கள், இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். கடையில் டஸ்ட் டீயைச் சாயம் இறங்கும்வரை விடுகிற கணக்கு இதற்கு ஒத்து வராது.

வடித்த இலையைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாவது தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாசனைப் பொருள் இலையின் மேலாகத்தான் ஒட்டியிருக்கும், முதல் தண்ணீரோடு பெரும்பாலும் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது வெறும் தேயிலை. நான் வாங்குகிற கலவையில் இரண்டாவது கப் மெலிதாக, லேசான இனிப்போடு இருக்கிறது. இலை நல்லது என்று அதில்தான் தெரிந்தது. இதற்கு முன் வாங்கிய வேறொரு கம்பெனியின் ஸ்ட்ராபெர்ரி கலவை இரண்டாவது தண்ணீரில் வைக்கோல் ஊறவைத்தது போல இருந்தது. பெயர் வேண்டாம். பழவாசனையை வைத்து எந்த இலையையும் விற்றுவிடலாம் என்பதால், புதுசாக எது வாங்கினாலும் இரண்டாவது கப்பைக் குடித்துவிட்டுத்தான் முடிவு செய்கிறேன்.

தண்ணீரும் சும்மா இல்லை. அக்கா வீடு குளச்சல் பக்கம், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கடினம். அங்கே இதே டீயைப் போட்டால் மேலே மெல்லிய படலம் கட்டுகிறது, வாசனையும் மங்கிப்போகிறது. கேன் தண்ணீரில் போட்டால் சரியாக வருகிறது.

சித்திரை, வைகாசி வெயிலுக்கு இதைச் சூடாகக் குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ராத்திரி பச்சைத் தண்ணீரில் இலையைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் வடிக்கலாம். கசப்பே இருக்காது. உண்மையைச் சொன்னால் அந்த மாம்பழ வாசனை இப்படிக் குளிர்ச்சியாகக் குடிக்கும்போதுதான் செயற்கையாகத் தெரியவில்லை. மார்த்தாண்டம் தேன் அரை ஸ்பூன் விடலாம். அதற்கு மேல் போனால் தேன்தான் பேசும்.

அம்மாவின் விமர்சனம் தனி. "மக்ளே, இத்தன நாளா குடிக்கியே, வயிறு வத்துன மாதிரி தெரியல்லியே?" தெரியாதுதான். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துவைத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், கிரீன் டீயால் குறைகிற எடை பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்றுதான் சொன்னது. பாக்கெட்டில் ஒல்லியான பெண் படம் போட்டிருந்தால் படமாக மட்டும் பாருங்கள். இன்னொன்று, சாப்பாட்டோடு இதைக் குடிக்கக் கூடாது, உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலை தடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. கஃபீனும் இருக்கிறது, ராத்திரிக்கு வேண்டாம்.

விலை 100 கிராம் 400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கப்புக்கு 2 கிராம் என்று வைத்தால் 8, 9 ரூபாய்தான் ஆகிறது. இரண்டாவது தண்ணீரையும் கணக்கில் சேர்த்தால் கடைச் சாயாவைவிட மிச்சம்.

பெரிய குறை பாக்கெட்தான். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, காற்றில் ஈரம் குறைவதே இல்லை. அந்த ஜிப் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடுகிறது. ஆடிச் சாரலில் திறந்த பாக்கெட் ஆவணிக்குள் வாசனை இழந்து, ஆப்பிள் துண்டுகள் பிசுபிசுத்துப் போயின. இப்போது எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடி வைக்கிறேன். அதிலும் தேயிலை பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும், கருவாடு இருக்கும் அலமாரியில் வைக்கவே கூடாது. மாறாமலைக் கிராம்பு வைத்திருந்த டப்பாவில் கொஞ்சம் போட்டு வைத்தேன், கிராம்பு வாசம் ஏறிவிட்டது. அது மாம்பழத்தைவிட நன்றாகவே இருந்தது, வேண்டுமென்றே இன்னொரு முறை செய்யப்போகிறேன். பாக்கெட் மட்டும் இனி 50 கிராமுக்கு மேல் வாங்குவதாக இல்லை.