பாவத்திலேயே கிடக்கும் விசுவாசி: இழந்தாரா, பெறவே இல்லையா?

ஒருமுறை பெற்ற இரட்சிப்பை, அதாவது தேவன் தரும் மீட்பை, இழக்க முடியாது என்பார்கள் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழியினர். 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சீர்திருத்த சபைகளின் பேரவை எடுத்த முடிவும் அதுதான். விசுவாசிகளாகிய ஆடுகளை மேய்ப்பன் இயேசுவின் கையிலிருந்து யாரும் பறிக்க முடியாது (யோவான் 10:28). அப்படியானால் வருஷக்கணக்கில் துணிந்து பாவம் செய்கிறவர்? அவர் மறுபடி பிறக்கவே இல்லையாம்; அதாவது உண்மையான விசுவாசியாக ஆகவே இல்லையாம்.

இழக்கலாம் என்பார்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி வழியினர். ஒருநாள் சறுக்கலை அவர்கள் சொல்லவில்லை. மூன்று தரம் மறுதலித்த பேதுருவே திரும்பி வந்தாரே. எபிரெயர் 6:4-6 பேசுவது, பரம ஈவை ருசிபார்த்த பின்பும் விலகிப்போனவர்களைப் பற்றி. ருசிபார்த்தவர் விசுவாசியே இல்லை என்றால் எப்படி? எனக்கும் அங்கேதான் இடறுகிறது.

முதல் தரப்பில் நிச்சயம் அதிகம் என்று தோன்றும். ஆனால் பாவத்தில் சிக்கியவர் அங்கேயும் தூங்க முடியாது. 'இழந்துவிட்டேனா?' என்பதற்குப் பதில் 'எப்போதாவது பெற்றேனா?' என்று புரளுவார்.