மாட்டுங்காவில் ஞாயிறு பத்தரை மணிப் பசி: எந்த ஓட்டலுக்குப் போகலாம்?

மும்பையில் பிரஞ்ச் (brunch) என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாந்த்ராவின் கஃபேக்களும் ஐந்து நட்சத்திர ஓட்டல்களின் ஞாயிறு பஃபேயும்தான். அங்கே ஒருவருக்கு ஆகும் செலவில் மாட்டுங்காவில் ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிட்டு, இரண்டு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு டாக்ஸியில் வீடு திரும்பிவிடலாம். டிபனையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கும் பழக்கம் நமக்கும் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பத்தரை மணிக்கே சாப்பிட உட்கார்ந்த வீடுகள் எத்தனையோ. அந்தப் பத்தரை மணிப் பசிக்கு மாட்டுங்கா கிழக்கில் நான்கு இடங்கள் போட்டி போடுகின்றன. ராம் ஆஷ்ரயாவும் ராம நாயக்கும் ஸ்டேஷன் பக்கம். கஃபே மெட்ராஸும் கூலரும் கிங்ஸ் சர்க்கிள் பக்கம். நடுவில் பத்து நிமிட நடை. அதனால்தான் ரயிலை விட்டு இறங்கியதும் வலதா இடதா என்ற வாக்குவாதம் ஆரம்பித்துவிடுகிறது.

என் ஓட்டு ராம் ஆஷ்ரயாவுக்கு. இதைச் சொன்னால் கஃபே மெட்ராஸ் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் அவர்கள் கட்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

கஃபே மெட்ராஸ் 1940இல் தொடங்கியது. பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் சமையலில் இருப்பது உடுப்பிக் கை. மாட்டுங்காவை நம் ஊர் என்று உரிமை கொண்டாடுகிறோம். ஆஸ்திக சமாஜக் கோயில் இருக்கிறது, பூக்கடை இருக்கிறது, வாழை இலையும் நேந்திரங்காய் சிப்ஸும் கிடைக்கிறது. ஆனால் ஓட்டல் தொழில் இங்கே கடற்கரைக் கர்நாடகக்காரர்கள் உழைப்பில் வளர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளி முதலில் தடுக்கி விழுவதும் இங்கேதான். எங்கள் பெரியம்மா ஒரு வாய் சாம்பார் குடித்துப் பார்த்துவிட்டு, "வெல்லம் தூக்கலா இருக்குடா, எனக்கு ரசத்தை வாங்கிக் கொடு" என்றார். அவர் சொன்னது சரியான யோசனை. கஃபே மெட்ராஸில் முதலில் கேட்க வேண்டியது ரச வடைதான். கிண்ணத்தில் வரும் வடையைக் கரண்டியால் அழுத்தினால் மேல்பாகம் ரசத்தில் ஊறிக் கலைந்துகொடுக்கும். உள்ளே மட்டும் கொஞ்சம் உறுதி பாக்கி இருக்கும். கொத்தமல்லித் தழையும் மிளகுமாக அந்த ரசம் தொண்டையில் இறங்கும்போது, வரிசையில் நின்ற அலுப்பு பாதி போய்விடும். அடுத்து கேழ்வரகு தோசை. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மிருதுவாகவும் வரும். கேழ்வரகு என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகள்கூட இதை மிச்சம் வைப்பதில்லை. பொடி இட்லியும் நன்றாக இருக்கும்.

சிக்கல் அந்த வரிசையில் இருக்கிறது. ஞாயிறு பத்து மணிக்குப் போனால் பெயரைக் கொடுத்துவிட்டு நடைபாதையில் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் நிற்பதெல்லாம் சகஜம். வயதானவர்கள் உட்காரவும் வசதி போதாது. உள்ளே இடம் கிடைத்த பிறகும் நிதானம் கிடையாது. மேசையை முன்பின் தெரியாதவர்களோடு பகிர்ந்துகொள்ள நேரிடும். காபியின் கடைசி மடக்கு இறங்குவதற்குள் பில் வந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியே அத்தனை பேர் பசியோடு நிற்கிறார்கள். ஆனால் ஞாயிறு காலையில் நாம் தேடிப் போவது சாப்பாட்டை மட்டும் இல்லையே. வாரம் முழுக்க லோக்கல் ரயிலில் நசுங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிடத்தான் வெளியே கிளம்புகிறார்கள். வாரநாள் காலை எட்டு மணிக்குக் கஃபே மெட்ராஸ் அருமையான இடம். ஞாயிறு பத்தரைக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராம் ஆஷ்ரயா ஒரு வருடம் மூத்தது, 1939. விடிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். முதல் ரயிலைப் பிடிக்கிறவர்கள், நடைப்பயிற்சி முடித்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். பத்தரைக்குப் போனாலும் இங்கேயும் வரிசை உண்டு, ஆனால் அது நகரும். பலகையில் எழுதியிருப்பதைப் படித்து, பரிமாறுபவர் வந்து நிற்கும்போது சட்டென்று சொல்லிவிட்டால் போதும், தட்டு வந்துவிடும்.

இங்கே என்னைக் கட்டிப்போடுவது ஷீராவும் உப்புமாவும். நம் கேசரியின் மும்பைப் பதிப்புதான் ஷீரா. அன்னாசி ஷீரா பிரசித்தம். மற்ற சுவைகளும் மாறி மாறி வரும், மாம்பழக் காலத்தில் மாம்பழம். கரண்டியால் ஓரத்தை விலக்கிப் பாருங்கள். ரவை ஒவ்வொன்றும் நெய்யில் வறுபட்டுத் தனித்தனியாகத் தெரியும், குழைந்து களியாகியிருக்காது. அன்னாசித் துண்டு பல்லில் படும்போது வரும் புளிப்பு, சர்க்கரையின் திகட்டலை அந்த நொடியே வெட்டிவிடுகிறது. அந்தப் புளிப்பு இருப்பதால்தான் ஒரு தட்டு முழுதாக உள்ளே போகிறது. உப்புமாவைப் பற்றிப் பேசினால் தமிழர்கள் உடனே சலித்துக்கொள்வார்கள். இங்கே உப்புமா சாப்பிட்ட பிறகு அந்தச் சலிப்பு இருப்பதில்லை. பஞ்சு மாதிரி இளகலாக இருக்கும், தேங்காய்ச் சட்னியைத் தளர ஊற்றிச் சாப்பிட வேண்டும். ஒரு வாய் உப்புமா, ஒரு வாய் ஷீரா என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவது என் வழக்கம். அப்புறம் நடுவில் பகிர்ந்துகொள்ள ஒரு நீர் தோசை, முடிவில் ஃபில்டர் காபி. நான்கு பேர் போனால் ஆறேழு அயிட்டம் சொல்லி எல்லாவற்றிலும் கை வைக்கலாம். பகிர்ந்து சாப்பிட இந்த நான்கில் இதைவிடத் தோதான இடம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு எழும்போது வயிறு நிறைந்திருக்கும், ஆனால் நடக்க முடியும்.

நடக்க முடியாமல் சாப்பிட வேண்டுமென்றால் ராம நாயக். முழுப் பெயர் ஏ. ராம நாயக்ஸ் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். 1942இல் தொடங்கியது, ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. பகல் சாப்பாடு பத்தரை மணிக்கே ஆரம்பிக்கும். பிரஞ்ச் என்று பெயர் வைக்காமலே பிரஞ்ச் நேரத்தில் முழுச் சாப்பாடு போடும் இடம் இது. தட்டுச் சாப்பாடு அளவோடு வரும். இலைச் சாப்பாடு கேட்கக் கேட்க வரும். பத்தரைக்குப் போனால் கூட்டம் சேர்வதற்குள் உட்கார்ந்துவிடலாம். சாம்பார், ரசம், காய், அப்பளம் எல்லாமே அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில் கிடைக்கும். பரிமாறுபவர்கள் இலை காலியாவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கையை மறித்தால்தான் நிறுத்துவார்கள். ஊரிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கியவர்களை நேராக இங்கே கூட்டிப் போகலாம். காலை எதுவும் சாப்பிடாமல் வருபவர்களுக்குத்தான் இந்த இலை நியாயம் செய்யும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாடிப்படி சிரமம், அதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். இங்கேயும் திங்கள் விடுமுறை.

இந்த ஓட்டலைத் தொடங்கிய ராம நாயக் கை வைத்த இன்னொரு இடம் கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் கஃபே மைசூர், 1936இல் தொடங்கியது. மாட்டுங்காவில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த முகேஷ் அம்பானி இதன் ரசிகர் என்பது ஊரறிந்த செய்தி. கஃபே மெட்ராஸ் வரிசை பயமுறுத்தினால் இங்கே நுழைந்துவிடலாம், ஏமாற்றம் இருக்காது.

கூலர் வேறு ரகம். 1932இல் தொடங்கிய இரானி ஓட்டல், அதாவது ஈரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் மும்பையில் வளர்த்த பழைய பாணி ஓட்டல். பளிங்கு மேசை, பழைய மர நாற்காலி, இரானி சாய் (டீ), வெண்ணெய் தடவிய பன் மஸ்கா, 'ரெஸ்லர் ஆம்லெட்' என்று பெயர் போட்ட பெரிய முட்டை ஆம்லெட். முட்டையும் கீமாவும் (கொத்துக்கறி) இல்லாமல் ஞாயிறு விடியாது என்பவர்களுக்கு மாட்டுங்காவில் இதுதான் புகலிடம். வயிற்றுக்கு என்று பார்த்தால் மற்ற மூன்றுக்கும் கீழேதான் வைப்பேன். ஆனால் பேச உட்கார வேண்டுமென்றால் இதுதான் முதலிடம். ஒரு சாயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமானாலும் பேசலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். பல வருடம் கழித்து நண்பரைச் சந்திக்கிறீர்களா, கூலரில் சந்தியுங்கள்.

இந்தப் பட்டியலில் சேராத ஒரு போட்டியாளர் உண்டு: தாராவியிலிருந்து சைக்கிளில் வரும் இட்லிக்கார அண்ணன். விடியும் முன்பே வீட்டில் அவித்து, பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அழுத்தியபடி தெருத்தெருவாகப் போவார்கள். தென் மாவட்டக் குடும்பங்களின் கைச்சட்னி அது. காரமாக, வெல்லத்தின் வாடையே இல்லாமல் இருக்கும். ஓட்டல் சாம்பார் பிடிக்காத தமிழர்களுக்கு அதுவே மருந்து. ஆனால் பத்தரை வரை அவர் பாத்திரத்தில் ஒன்றும் மிஞ்சாது. அவரிடம் சாப்பிட நினைப்பவர்கள் சீக்கிரம் எழ வேண்டும்.

போவதற்கு முன் ஒரு விஷயம். மத்திய ரயில்வேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக மெகா பிளாக் போடுவார்கள், அதாவது சில தண்டவாளங்களில் சில மணி நேரம் ரயில் ஓடாது. அடிக்கடி மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையில்தான், பதினோரு மணிக்கு மேல். தாணே பக்கத்திலிருந்து வருபவர்கள் பத்துக்குள் மாட்டுங்காவில் இறங்கிவிடுவது நல்லது. ஃபாஸ்ட் லோக்கல் இங்கே நிற்காது, ஸ்லோவில் ஏறுங்கள். இறங்கியதும் யாராவது கஃபே மெட்ராஸ் என்று ஆரம்பித்தால் மணியைப் பாருங்கள். ஒன்பதுக்கு முன்னால் என்றால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அதற்கு மேல் என்றால் ராம் ஆஷ்ரயாவுக்கு வாருங்கள், முதல் தட்டாக அன்னாசி ஷீராவைச் சொல்லிவிடுங்கள்.