வட்டச் சந்திப்பா, சிக்னலா: தானியங்கிக் கார்களுக்கு எது ஏற்றது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சாலைகளுக்கு, ஓட்டுநரின்றித் தாமே ஓடும் தானியங்கிக் கார்கள் வந்தால், வட்டச் சந்திப்பு (ரவுண்டானா), சிக்னல் சந்திப்பு இரண்டில் எது நல்லது என்று தயங்குவோருக்காக இதை எழுதுகிறேன்.

ஓட்டம்: சிக்னலில் பச்சை, சிவப்பு என்ற தெளிவான கட்டளை உண்டு. வட்டத்திலோ வலப்புறம் வரும் வண்டிக்கு வழிவிட்டு, இடைவெளியைக் கணித்து நுழைய வேண்டியிருப்பதால், மினிபஸ் டாக்சிகள் நெருக்கியடித்து வரும் வேளையில் எச்சரிக்கையான தானியங்கிக் கார் நுழைவிலேயே நின்று, பின்னால் வரிசையை நீட்டிவிடக்கூடும். எல்லா வண்டிகளும் தமக்குள் தகவல் பரிமாறும் காலம் வந்தால், சிறு இடைவெளியிலும் நிற்காமல் நுழையலாம். அப்போது வட்டமே முந்தும்.

மின்வெட்டு: சிக்னல் அணைந்தால் நான்கு திசையினரும் நின்று நின்றுதான் செல்ல வேண்டும், வட்டம் வழக்கம்போல் இயங்கும்.

பாதசாரிகள்: சாலையைக் கடக்கத் தனி நேரம் ஒதுக்கும் சிக்னலே மேல்.

ஆகவே, மனிதர் ஓட்டும் வண்டிகளும் தானியங்கிக் கார்களும் கலந்து ஓடும் வரை, நகர மையத்துக்குச் சிக்னலையும், புறநகர்த் தெருக்களுக்கு வட்டத்தையும் பரிந்துரைப்பேன்.