சேவல் விந்தணுவின் வேகத்தைக் கூட்டும் என்று விற்கப்படும் திரவம்: பண்ணையாளர்கள் கவனத்திற்கு

நாமக்கல் வட்டாரத்தில் சிறிய அளவில் நாட்டுக்கோழி இனப்பெருக்கப் பண்ணை நடத்தி வருகிறேன். 24 சேவல்கள், 230 பெட்டைகள். செயற்கைக் கருவூட்டல் செய்து, முட்டைகளை இன்குபேட்டரில் வைத்து, ஒரு நாள் குஞ்சுகளாக விற்பதுதான் எங்கள் குடும்பத்தின் பிழைப்பு. கடந்த கோடையில், சேவல் விந்தணுவின் ஓட்டத்தையும் ஆற்றலையும் கூட்டும் திரவம் என்று சொல்லி, ஒரு விற்பனை முகவர் 18,600 ரூபாய்க்குப் பாட்டில்களை விற்றுச் சென்றார். இழப்பு அந்தத் தொகையோடு நிற்கவில்லை. அவர் பக்கத்து ஊர்ப் பண்ணைகளிலும் அதே செய்முறையைக் காட்டி வருவதாகக் கேள்விப்பட்டதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

சித்திரை வெயிலில் சேவலின் விந்து நீர்த்துப் போவது எங்களுக்குப் புதிதல்ல. பால் போலக் கெட்டியாக வர வேண்டியது கஞ்சித் தண்ணீர் போல வரும், கூமுட்டையும் கூடும். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் ஒரு நுண்ணோக்கியும் சூடாகும் தட்டும் கொண்டு வந்தார். "கோழியின் உடல் சூடு 41 டிகிரி. அந்தச் சூட்டில் ஓடாத உயிரணு பெட்டைக்குள் போய் என்ன செய்யப் போகிறது?" என்று கேட்டார். எங்கள் சேவலின் விந்தில் ஒரு துளியைத் தம் உப்புக் கரைசலில் கலந்து, அந்தச் சூட்டில் வைத்துக் காட்டினார். ஓரணுவும் அசையவில்லை. பிறகு தம் திரவத்தில் ஒரு சொட்டு விட்டார். கண்ணெதிரே அத்தனையும் உயிர்பெற்று, சுழலில் அகப்பட்ட உமியைப் போலச் சுற்றத் தொடங்கின. என் மனைவியும் பார்த்தார், கொட்டகையில் வேலை செய்யும் தம்பியும் பார்த்தான். நம்பாமல் எப்படி இருக்க முடியும்?

ஒரு பங்கு விந்துக்கு நான்கு பங்கு திரவம் கலக்கலாம், ஆகவே பாதிச் சேவல்களே போதும் என்றும் அவர் சொன்னார். தீவனச் செலவு மிச்சமாகும் என்று எண்ணி 10 சேவல்களைக் கறிக்கு விற்றுவிட்டேன். இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. அவை ஒன்றரை ஆண்டுகளாக நான் தேர்ந்தெடுத்து, கைக்குப் பழக்கியவை.

மூன்றாம் வாரத்து முட்டைகளை ஏழாம் நாள் டார்ச் வைத்துப் பார்த்தபோது, சிலந்திக்கால் போல நரம்பு ஓட வேண்டிய இடத்தில் பெரும்பாலானவை வெறும் மஞ்சள் வெளிச்சமாகவே தெரிந்தன. வழக்கமாக நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் கருக்கூடும் பண்ணையில் அன்று நாற்பதுகூடத் தேறவில்லை.

எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பாட்டிலைக் கொண்டு சென்றேன். அவர் அதே செய்முறையை அந்தத் திரவம் இல்லாமலே செய்து காட்டினார். கால்சியம் இல்லாத உப்புக் கரைசலில் 40, 41 டிகிரிச் சூட்டில் சேவலின் விந்தணு ஓட்டத்தை நிறுத்திவிடும். ஆனால் அது சாகவில்லை. தட்டின் சூட்டை 30 டிகிரிக்கு இறக்கினால் தானாகவே ஓடும், சிறிதளவு கால்சியம் குளோரைடு கரைசல் சேர்த்தால் அதே சூட்டிலும் ஓடும். முட்டை ஓடு உருவாகும் பெட்டையின் உடலுக்குள் கால்சியத்துக்கோ, அதேபோல் அணுவை ஓடவைக்கும் பைகார்பனேட்டுக்கோ பஞ்சமில்லை என்பதால், இல்லாத ஒரு குறையைத் தட்டின் மேல் உண்டாக்கி, அதற்கு மருந்தையும் எனக்கு விற்றிருக்கிறார்கள்.

ஆற்றல் பற்றி முகவர் சொன்னதும் தலைகீழானது. விந்தணு சர்க்கரையைச் சிதைத்தும், தன் நடுப்பகுதியிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவின் வழியாகவும் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் தரும் பொருளை உண்டாக்கித்தான் வாலை அசைக்கிறது. வெளியில் வைத்தே அதை வேகமாக ஓட விட்டால், பெட்டைக்குள் செல்லும் முன்பே களைத்துவிடும். அதனால் சேமிப்புக்கான முறையான கரைசல்களில் விந்தைச் சுமார் 5 டிகிரிக்குக் குளிர்வித்து, அதன் வளர்சிதை மாற்றத்தை அடக்கியே வைக்கிறார்கள். பெல்ட்ஸ்வில் கரைசல் போன்றவற்றில் குளுட்டமேட், ஃபிரக்டோஸ் என்று என்னென்ன சேர்கிறது என்பது வெளிப்படையாகக் கிடைக்கும். நான் வாங்கிய பாட்டிலில் சேர்மானமும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை.

கணக்கையும் அந்த மருத்துவரே போட்டுக் காட்டினார். மில்லிக்கு 400 கோடி அணுக்கள் உள்ள நல்ல விந்தில் 0.05 மில்லி செலுத்தினால் பெட்டைக்கு 20 கோடி கிடைக்கும். ஒன்றுக்கு நான்கு கலந்தபின் அதே அளவில் 4 கோடிதான் இருக்கும். குறைந்தது 10 கோடியாவது வேண்டும். வெயிலில் நீர்த்த எங்கள் விந்தில் அந்த 4 கோடியும் இருந்திருக்காது. அத்துடன், கலந்த விந்தை ஒரு மணி நேரத்துக்கும் மேல் வைத்திருக்கலாம் என்ற முகவரின் பேச்சைக் கேட்டு, மாலை நாலு மணிப் புழுக்கத்தில் வைத்தே செலுத்தியிருக்கிறோம்.

தீவனத்தில் கலக்க முகவர் கொடுத்த பொடி மூன்றே நாளில் பலன் தரும் என்பதும் நடவாத காரியம். சேவலில் ஒரு விந்தணு உருவாகி வெளிவரவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். வைட்டமின் ஈ, செலினியம் போன்றவை விந்தணுவின் கொழுப்புச் சவ்வைக் காப்பது உண்மைதான்; ஆனால் அதற்கும் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

முகவரை அழைத்தபோது, உங்கள் சேவல்களின் இரத்தம் கெட்டுவிட்டது என்றார். அதன்பின் போனை எடுப்பதில்லை. அவர் தந்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச் சீட்டு. வாழ்வாதாரத்துக்காக வாங்கிய பொருள் என்பதால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க இடமுண்டு; கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. திறக்காத இரண்டு பாட்டில்களையும் அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்தியிருக்கிறேன். இதே திரவத்தை வாங்கியவர்கள் பாட்டிலைத் தூக்கி எறியாமல், பணம் செலுத்திய பதிவோடும், ஏழாம் நாள் பார்த்த முட்டைக் கணக்கோடும் வைத்திருந்தால், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.