பழியா, மன்னிப்பா: மூன்று நாடகங்கள், மூன்று அந்தோனியோக்கள்

இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் ஆண்ட காலத்து (1603-1625) நாடகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பழிவாங்குவதை விட மன்னிப்பதே மேல் என்பதற்குச் சாட்சியாக ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஷேக்ஸ்பியர் இருந்த அதே கிங்ஸ் மென் நாடகக் குழு பத்து வருடத்துக்குள் மேடையேற்றிய ‘தி ரிவெஞ்சர்ஸ் டிராஜெடி’யையும் ‘தி டச்சஸ் ஆஃப் மால்ஃபி’யையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், மன்னிப்பு யாருக்குச் சும்மா கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது பளிச்சென்று தெரியும். மூன்றிலும் அந்தோனியோ என்ற பெயரில் ஒருவன் இருக்கிறான், அவனைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

1607-இல் ஆசிரியர் பெயரே இல்லாமல் அச்சான ‘ரிவெஞ்சர்ஸ் டிராஜெடி’யை இப்போது பெரும்பாலோர் நாடகாசிரியர் தாமஸ் மிடில்டன் எழுதியது என்கிறார்கள். வின்டிச்சியின் காதலி தன் ஆசைக்கு இணங்கவில்லை என்று அவளை விஷம் வைத்துக் கொன்ற கிழட்டுப் பிரபுவைப் பழிவாங்க, வின்டிச்சி ஒன்பது வருடம் காத்திருக்கிறான். அவளுடைய மண்டையோட்டுக்கே உடை உடுத்தி, வாயில் விஷம் தடவி, இருட்டில் பிரபுவை முத்தமிட வைக்கிறான். எல்லாம் முடிந்து, மனைவியைப் பறிகொடுத்த அந்தோனியோ பதவிக்கு வந்ததும், பிரபுவைக் கொன்றது தான்தான் என்று வின்டிச்சி அவனிடமே பெருமையாகச் சொல்கிறான். அந்தக் கிழவரைக் கொன்ற நீங்கள் என்னையும் கொல்வீர்கள் என்று அந்தோனியோ உடனே மரண தண்டனை விதிக்கிறான். பழியால் லாபம் அடைந்தவன் அரியணையில், பழி தீர்த்தவன் கொலைக்களத்தில். கொடூரம்தான், ஆனால் மறைப்பு எதுவும் இல்லை.

‘டெம்பெஸ்ட்’ (1611-இல் அரசவையில் நடிக்கப்பட்டது) வேறு மாதிரி. தன் பதவியைப் பிடுங்கிக்கொண்ட தம்பி அந்தோனியோவை, அவன் கேட்காமலே, ஒரு தீவில் வாழும் மிலன் பிரபு புராஸ்பரோ மன்னிக்கிறான். அதற்கு ஒரு நன்றி, ஒரு வருத்தம், ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு அந்தோனியோ பேசுவது ஒரே ஒரு தடவை. அதுவும் தீவில் புராஸ்பரோவுக்கு அடிமையாக இருக்கும் காலிபனைப் பார்த்து, இது மீன் மாதிரி இருக்கிறது, விலை போகும் என்கிறான்! அந்தக் காலிபனுக்கோ, மன்னிப்பு வேண்டுமானால் குகையைச் சுத்தமாக்கி அலங்கரி என்று உத்தரவு. புராஸ்பரோவின் மகள் மிராண்டாவைப் பலாத்காரம் செய்ய முயன்றவன் அவன் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் நாட்டையே திருடி, அண்ணனையும் குழந்தையையும் கடலில் தள்ளிவிட்டவனுக்கு வேலை எதுவும் கொடுக்கப்படவில்லையே. அம்மா வழியில் தீவு எனக்குச் சொந்தம் என்று காலிபன் முதலிலேயே சொன்னதற்குக் கடைசிவரை யாரும் நேரான பதில் சொல்லவும் இல்லை.

என் ஓட்டு நாடகாசிரியர் ஜான் வெப்ஸ்டரின் ‘மால்ஃபி’க்குத்தான். மன்னிப்பின் இரண்டு முகத்தையும் அது ஒரே காட்சியில் காட்டிவிடுகிறது. கழுத்தை நெரிக்க வந்தவர்களை, கதாநாயகியான டச்சஸ் (பிரபு வம்சத்து விதவை) மன்னிக்கிறாள், பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கொலையை நடத்திக் கொடுத்த போசொலா, அவளோடு இரட்டையாகப் பிறந்த சகோதரன் ஃபெர்டினாண்டிடம் கூலி கேட்கிறான். கிடைக்கும் பதில்: இந்தக் கொலைக்கு உனக்கு மன்னிப்பு தருகிறேன். ஏவியவனே செய்தவனை மன்னிக்கிறான், அப்படியே கூலியும் மிச்சம்! ஏற்கெனவே இந்தக் குடும்பத்துக்காகக் குற்றம் செய்து கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை அனுபவித்தவன் போசொலா. அறிவாளி, படித்தவன், ஆனால் அரண்மனைக்கு என்றைக்கும் அடியாள்தான். அப்புறம் அவன் டச்சஸுக்காகப் பழிவாங்கக் கிளம்புகிறான், இருட்டில் முதலில் குத்துவது யாரை? தான் காப்பாற்ற நினைத்த அவள் கணவன் அந்தோனியோவை.

‘டெம்பெஸ்ட்’டை மேடையில் பார்க்கக் கிடைத்தால், மன்னிப்பு கிடைத்த நேரத்தில் அந்தோனியோவாக நடிப்பவரின் முகத்தைக் கவனியுங்கள். ஷேக்ஸ்பியர் அங்கே வசனம் எழுதி வைக்கவில்லை, அதனால் ஒவ்வொரு நடிகரும் தானே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.