சஸ்காட்செவான் ஹெல்த் கார்டு: பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தது

போன குளிர்காலத்தில் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று திடீரென்று ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் இருக்கும் ரெஜைனாவுக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, பழக்க தோஷத்தில் அன்று இரவே கிரெடிட் கார்டு லிமிட்டைக் கூட்டச் சொல்லி வங்கிக்கு போன் போட்டேன். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கவுன்ட்டரில் போய் பில் கேட்டால், ஹெல்த் கார்டு (மாகாண அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) நம்பர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, நீங்கள் கிளம்பலாம் என்றார்கள். மூன்று நாள் படுக்கை, ஸ்கேன், மயக்க மருந்து, சர்ஜன் எல்லாம் சேர்த்து நாங்கள் கையிலிருந்து கொடுத்தது கார் பார்க்கிங் கட்டணமும் வீட்டுக்கு வாங்கிய மாத்திரைகளின் விலையும் மட்டும்.

இந்தக் கார்டை நான் 5க்கு 4 என்று மதிப்பிடுகிறேன். குறைந்த அந்த ஒன்றுக்குக் காரணம் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் இதைக் கொண்டுவந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே புதிதாக வருகிற நம் ஆட்கள் பலர் கனடா என்றால் இது ஆதியிலிருந்தே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டாமி டக்ளஸ் 1904இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதில் கால் எலும்பில் சீழ் பிடித்து, கனடாவின் வினிபெக் நகரில் காலையே எடுத்துவிட வேண்டும் என்ற நிலை. நல்ல சர்ஜனிடம் போகக் குடும்பத்தில் பணம் இல்லை. ஒரு டாக்டர், மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால் இலவசமாகச் செய்கிறேன் என்று சொல்லி ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றினார். ஒரு பையனின் கால் தங்குவது ஒரு டாக்டரின் நல்ல மனதைப் பொறுத்த விஷயமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் டக்ளஸை விட்டுப் போகவே இல்லை. 1930இல் சஸ்காட்செவானில் வேபர்ன் என்ற சிற்றூரில் பாப்டிஸ்ட் சபைப் போதகர் ஆனார், பொருளாதார மந்தமும் வறட்சியும் ஒன்றாக வந்த காலம் அது. 1934 மாகாணத் தேர்தலில் தோற்றார், 1935இல் நாடாளுமன்றம் போனார், 1944இல் 52 இடங்களில் 47 இடங்களை அவர் கட்சி பிடித்து அவர் மாகாணப் பிரீமியர், அதாவது நம் ஊர் முதலமைச்சர் மாதிரி, ஆனார்.

எனக்கு அவரிடம் பிடித்தது அவசரப்படாமல் அடுக்கிய விதம். சுகாதார அமைச்சர் பொறுப்பையும் முதல் ஐந்து வருடம் தானே வைத்துக்கொண்டார். முதலில் புற்றுநோய், மனநோய் சிகிச்சையை இலவசமாக்கினார். 1947 ஜனவரி 1 முதல் ஆளுக்கு வருடத்துக்கு 5 டாலர் கட்டினால் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அரசுடையது. டாக்டர் ஃபீஸுக்கு மட்டும் கஜானாவில் பணம் இல்லை, அதனால் ஸ்விஃப்ட் கரன்ட் வட்டாரத்தில் மட்டும் 1946இலேயே அதைத் தொடங்கி நடத்திப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள். 1957இல் மத்திய அரசு ஆஸ்பத்திரிச் செலவில் பங்கு தரச் சட்டம் போட்டதும் பண நெருக்கடி கொஞ்சம் தளர்ந்தது, 1959 டிசம்பரில் டாக்டர் ஃபீஸுக்கும் திட்டம் வருகிறது என்று அறிவித்தார், 1960 தேர்தலை அதை வைத்தே சந்தித்து, டாக்டர்கள் சங்கம் பணம் திரட்டி எதிர்த்தும் ஜெயித்தார்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1961 நவம்பரில் புதிய ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமைக்காகப் பிரீமியர் பதவியை விட்டார், அதே மாதம் டாக்டர் ஃபீஸ் திட்டத்துக்கான சட்டம் நிறைவேறியது. 1962 ஜூனில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு இதே ரெஜைனாவில் நின்றார், திட்டத்தின் மீதிருந்த கோபமெல்லாம் அவர் மேல் விழுந்தது, தோற்றார். அடுத்த மாதம் 1ஆம் தேதி திட்டம் அமலுக்கு வந்த அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தம், 23 நாள். பிரிட்டனிலிருந்து டாக்டர்களை வரவழைத்துச் சமாளித்தவர் அடுத்த பிரீமியர் வுட்ரோ லாயிட், அவர் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை, எனக்கு அது வருத்தம்தான். 1966இல் இதே மாதிரித் திட்டத்துக்கு மத்தியச் சட்டம் வந்தது, 1972க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

டக்ளஸைத் தெய்வமாக்க வேண்டாம். 1933இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு, சிலருக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று பேசுகிறது, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. பதவிக்கு வந்தபின் அந்த யோசனையை ஏற்க மறுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, குறைந்த ஒரு மதிப்பெண். பல், பெரியவர்களின் கண்ணாடி, ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்கும் பெரும்பாலான மருந்துகள் இவை கார்டில் சேராது. ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கக் காத்திருப்பது நாடு முழுக்க இருக்கிற பிரச்சினை. காசு இல்லாத தடையை நீக்குவது முதல் கட்டம்தான், நோய் வராமல் தடுக்கிற மாதிரி அமைப்பையே மாற்றுவது இரண்டாம் கட்டம் என்று டக்ளஸே பிற்காலத்தில் சொல்லிவந்தார். அந்த இரண்டாம் கட்டம் இன்னும் பாதியில் நிற்கிறது, குறை சொல்கிறேன் என்றால் அதைத்தான் சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஆம்புலன்ஸுக்குத் தனியாக பில் வரும், வேலையிடத்து இன்சூரன்ஸ் அதைக் கொடுக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள். ஊருக்குப் போகும்போது இந்தக் கார்டை நம்பிப் போகாதீர்கள், வெளிநாட்டுச் செலவில் மிகச் சிறிய பங்குதான் திரும்பக் கிடைக்கும், பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டே விமானம் ஏறுங்கள்.