மலை உச்சியில் கடற்கொள்ளையர் கப்பல்: போகலாமா?

சித்திரை லீவில் வீட்டு ஆட்கள் ஐந்து பேரும் வேன் பிடித்து, ஹட்டன் பக்கம் ஒரு நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் கடற்கொள்ளையர் பூங்காவுக்குப் போய் வந்தோம். பெயர் எழுதவில்லை. கடன்பட்டுத்தான் கட்டியிருப்பார்கள், அங்கே வேலை செய்கிற பிள்ளைகளும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், அவர்கள் பிழைப்பில் கை வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் இதே மாதிரி இன்னொன்று கட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

டிக்கட் பெரியவர்களுக்கு 800 ரூபாய், சின்னவர்களுக்கு 500. படகுக்குத் தனியாக 600. வாசலிலேயே சீமெந்தில் கட்டிய பாதிக் கப்பல், அதற்குள்தான் சாப்பாட்டுக் கடை. கப்பலின் முனையில் 'பைரேட்ஸ் ஒஃப் த கரீபியன்' படத்தின் கேப்டன் ஜாக் ஸ்பாரோ நிற்கிறார், பெயர்ப் பலகை கிடையாது, ஆனால் தலைத்துணியையும் கண்மையையும் பார்த்தால் என் வயதுக்காரர்களுக்கு உடனே தெரியும். ஃபைபரில் செய்த சிலை. நம்ம ஊர் மழையிலும் பனிமூட்டத்திலும் நின்று நின்று ஒரு பக்கத்துக் கன்னம் முழுக்கப் பாசி, கயிற்றில் பின்னிய தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, வாள் பிடித்த கையில் இரண்டு விரல் இல்லை. பக்கத்தில் நின்று படம் எடுக்க மகனைக் கூப்பிட்டேன். அவன் சிலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது யாருப்பா?" என்றான்.

அவனுக்கு எட்டு வயது. அந்தத் தொடரின் முதல் படம் 2003இல் வந்தபோது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன், விசிடி கடையில் வாடகைக்கு எடுத்து ஒரே வாரத்தில் மூன்று தடவை பார்த்தோம். ஐந்தாவது படம் 2017இல் வந்தது, அவன் பிறந்த வருஷம். அதற்குப் பிறகு அடுத்த படம் என்று எதுவும் வரவில்லை. ஆக, காசு கொடுக்கிற அப்பாவுக்குத் தெரிந்த ஆளை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள், இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய பிள்ளைக்கு அது தொப்பி போட்ட ஏதோ ஒரு மாமா. இந்தப் பூங்காவின் பிரச்சினை எல்லாமே அங்கேதான் தொடங்குகிறது.

உள்ளே மண்டை ஓட்டுக் கொடிகள், புதையல் பெட்டி, இரண்டு சறுக்கு மரம், ஒரு ஊஞ்சல் கப்பல். ஊஞ்சல் கப்பல் நாங்கள் போன அன்று வேலை செய்யவில்லை, டிக்கட் கொடுக்கும்போது அதைச் சொல்லவும் இல்லை, கேட்டதற்கு "பார்ட்ஸ் வரவேண்டும்" என்றார்கள். சாப்பாடு பரவாயில்லை. சிக்கன் கொத்து 1,400, சூடாக வந்தது, அளவும் நிறைய. தேத்தண்ணிதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது: சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை மலை, கொண்டு வந்து வைத்தது நூல் தொங்கும் பை போட்ட வெந்நீர். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டார்.

படகு நன்றாக இருந்தது. சொல்லப்போனால் அந்த இடத்தில் நன்றாக இருந்ததே அதுதான். ஓட்டிய தம்பிக்கு இருபது வயதிருக்கும், கோடு போட்ட சட்டை, ஒற்றைக் கண்கட்டு எல்லாம் மாட்டிவிட்டிருந்தார்கள், கரையைத் தாண்டியதும் கண்கட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். புதையல் கதை சொல்ல ஆரம்பித்தார், மனப்பாடம் என்று தெரிந்தது, மகன் தண்ணீரில் கை விட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அப்புறம் நான், "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"மஸ்கெலியாண்ணே. எங்க பழைய டவுன் தண்ணிக்குள்ள இருக்கு."

அவ்வளவுதான், மகன் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டான். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் கடைசியில் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது, கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் உள்ளே போயின, மழை குறைந்து தண்ணீர் இறங்கும் மாதங்களில் அவை வெளியே தெரியும். அந்தத் தம்பியின் பாட்டிக்குக் கல்யாணம் நடந்தது அந்தக் கோயிலில்தானாம். "மீன் உள்ள போகுமா? மணி இருக்கா? சாமி இப்ப எங்க?" என்று கேள்விக்கு மேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், சாமியை மேலே புதுக் கோயிலுக்குக் கொண்டுபோன கதையையும் சொன்னார். அரை மணி நேரச் சவாரி எங்களுக்காக முக்கால் மணியானது. 600 ரூபாய்க்கு அது தாராளம்.

பழைய படத்தை வைத்துச் சுற்றுலா இடம் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதே கடற்கொள்ளையர் விஷயத்தையே எடுங்கள். கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் அந்தப் படகுச் சவாரி 1967இலேயே வந்துவிட்டது, படம் பிறந்ததே அந்தச் சவாரியிலிருந்துதான். பிறகு படத்தின் கேப்டனையும் அதற்குள் கொண்டுபோய் வைத்தார்கள், அவர் இல்லாத காலத்திலும் அது நன்றாகவே ஓடியது. 1995இல் வாட்டர்வேர்ல்ட் என்றொரு படம், அதுவரை எடுத்ததிலேயே அதிகச் செலவான படம் என்று பேசப்பட்டது, எதிர்பார்த்த மாதிரி ஓடவில்லை. ஆனால் அதே வருஷம் யூனிவர்சல் ஸ்டூடியோவில் ஆரம்பித்த அதன் சாகசக் காட்சி படத்தையும் தாண்டி நின்றுவிட்டது, சிங்கப்பூரிலும் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் படகுகள் பாய்கின்றன, தீ எரிகிறது, ஒரு விமானம் வந்து விழுகிறது. இதை ரசிக்க யாரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. மாறாக, ஸ்டார் வார்ஸ் என்ற அவ்வளவு பெரிய பெயரை வைத்து புளோரிடாவில் 2022 மார்ச்சில் திறந்த விண்கல ஹோட்டல் 2023 செப்டம்பரில் மூடப்பட்டது. இரண்டு பேர் இரண்டு இரவு தங்க 5,000 டொலருக்குக் கிட்டக் கேட்டார்கள். பெயர் இருந்தால் ஆள் ஒருமுறை வாசலுக்கு வருவான், இரண்டாம் தடவை வருவதற்கு உள்ளே வேறு காரணம் வேண்டும்.

நம்மிடம் சினிமாவும் இல்லாமல் இல்லை. கித்துல்கலவில் களனி கங்கையில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பு நடந்தது, நிஜமான பாலத்தைக் கட்டி, நிஜ ரயிலை ஓட்டி, 1957 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஏழு ஒஸ்கார் வாங்கிய படம். போன வருஷம் கொழும்பு போகும் வழியில் இறங்கிப் பார்த்தேன், ஆற்றோரம் கொங்கிரீட் அடித்தளம் மட்டும் மிச்சம். ஆனாலும் அங்கே ஆள் வருகிறது, ஏனென்றால் ஆறு இருக்கிறது, ராஃப்டிங் இருக்கிறது, படத்தைக் கேள்விப்படாத பையன்கள்தான் அதிகம். இன்டியானா ஜோன்ஸின் இரண்டாவது படத்தையும் 1983இல் கண்டிப் பக்கம்தான் எடுத்தார்கள், அதில் வரும் கயிற்றுப் பாலம் விக்டோரியா அணைக்குக் கிட்டத்தான் கட்டப்பட்டது. 2023இல் வந்த ஐந்தாவது படம் எடுபடவில்லை. இப்போது யாராவது கண்டியில் அவருக்குச் சிலை வைத்தால் பத்து வருஷத்தில் அதுவும் பாசி பிடித்து நிற்கும். ஒரு பள்ளத்தாக்குக்கு மேலே பாதுகாப்பான, ஆடுகிற ஒரு கயிற்றுப் பாலம் போடுங்கள், எந்தக் காலத்துப் பிள்ளையும் கத்திக்கொண்டே கடந்து போகும், திரும்ப வரிசையில் வந்து நிற்கும்.

சரி, போகலாமா என்றால்: ஐந்துக்கு இரண்டு தருகிறேன், அந்த இரண்டும் படகோட்டித் தம்பிக்கு. போகிறவர்கள் ஊஞ்சல் கப்பல் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள், தேத்தண்ணியை வெளியே கடையில் குடியுங்கள், காலையிலேயே போய்விடுங்கள், இரண்டு மணிக்குப் பிறகு மழை. நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள், அந்தப் பிள்ளைகளின் கண்கட்டைக் கழற்றிவிட்டு அவரவர் ஊர்க் கதையைச் சொல்ல விடுங்கள்.

மறுநாள் திரும்பி வர வேண்டியவர்கள், மகன் விடாததால் வேனை மஸ்கெலியாவுக்குத் திருப்பினோம். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. வெடித்த சேற்றில் கொஞ்ச தூரம் நடந்ததும் கோயிலின் கற்சுவர் தெரிந்தது, அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், அவனும் கேட்காமலே கழற்றினான். டிக்கட் இல்லை, பலகை இல்லை, கதை சொல்ல ஒருவரும் இல்லை. நேற்றுக் கேட்டதை எல்லாம் அவனே தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டு நடந்தான்.